படிக்கக் கேட்டு ஒப்புக்கொள்ளுதல்: கேரள நீதிமன்றங்களின் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை குறித்து ஒரு விமர்சனம்

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல் சமண இலக்கியத்தைப் பற்றி ஏதேனும் எழுதுவேன் என்று எண்ணியிருப்பார்கள். நானும் நீலகேசியை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அதற்குள் சாலைக் கம்போளத்தில் என் கடைக்கு எதிர்வரிசையில் இருக்கும் நாகர்கோவில்காரர் கேட்ட ஒரு கேள்வி என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது. அவருக்கு வஞ்சியூர் நீதிமன்றத்தில் ஒரு சொத்து வழக்கு பல வருஷமாக நடக்கிறது. "இனி கோர்ட்டுல சாட்சி சொல்லுகத மெஷினாக்கும் எழுதுமாம், அண்ணாச்சி. நாம பேசுகது அதுக்கு வெளங்குமா?" என்றார். அப்போது வாயில் வந்த எதையோ சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று இரவுதான், அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லையே என்று உறைத்தது.

விஷயம் இதுதான். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 19 அன்று, மாவட்ட நீதித்துறையில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றி ஒரு கொள்கையை வெளியிட்டது. இந்திய உயர் நீதிமன்றங்களில் இப்படி ஒன்றை வெளியிட்டதில் இதுவே முதல் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அதன்பின் அதே ஆண்டு நவம்பர் 1 முதல், விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியின் வாக்குமூலத்தைப் பேச்சிலிருந்து எழுத்தாக்க 'அதாலத் ஏஐ' என்ற கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. நண்பர் காதில் விழுந்த செய்தி இந்த இரண்டாவது. நான் முதலாவதைத் தேடி எடுத்துப் படித்தேன். நீளமானதல்ல, ஒரு மாலைப் பொழுதில், நடுவே இரண்டு வாடிக்கையாளருக்குக் குத்துவிளக்கு காட்டிக்கொண்டே, படித்து முடித்துவிட்டேன். நான் வக்கீலும் அல்ல, கணினிப் பொறியாளனும் அல்ல. கணக்குப் புத்தகம் படித்த கண்ணால் படித்தேன். அந்த அளவுக்கு மட்டுமே இக்கட்டுரையை மதித்தால் போதும்.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். கண்டறிவு, நிவாரணம், உத்தரவு, தீர்ப்பு ஆகிய எதையும் முடிவு செய்ய எந்தச் சூழ்நிலையிலும் இக்கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. தீர்ப்பின் ஒவ்வொரு வரிக்கும் நீதிபதியே முழுப் பொறுப்பு என்று கொள்கை கறாராகச் சொல்கிறது. அனுமதி பெற்ற கருவி மட்டுமே உபயோகிக்கலாம். வழக்கு விவரங்களை வெளியாருடைய மேகக் கணினிச் சேவைகளில் ஏற்றுவதைத் தவிர்க்க வேண்டும். இயந்திரம் எடுத்துக் கொடுக்கும் முன்தீர்ப்புகளை நீதிபதி சரிபார்க்க வேண்டும். இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ பார்த்தாக வேண்டும். கருவியைப் பயன்படுத்திய ஒவ்வொரு தடவையும், எந்தக் கருவி, மனிதர் எப்படிச் சரிபார்த்தார் என்பதைப் பதிவு செய்து வைக்க வேண்டும். பிழை கண்டால் முதன்மை மாவட்ட நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க, அது உயர் நீதிமன்றத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போகும். மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. நீதிமன்றக் கணினியானாலும் சரி, வீட்டில் இருக்கும் சொந்தக் கைப்பேசியானாலும் சரி, விதி ஒன்றே.

சரிபார்க்கச் சொன்னது வீண் பயமல்ல. 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஓர் உத்தரவில், உலகத்திலேயே இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக வந்துவிட்டன. அவற்றில் ஒன்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதாக இருந்தது! உத்தரவு பிறகு திரும்பப் பெறப்பட்டது. இது இயந்திரத்தின் கைவேலை என்றே பத்திரிகைகள் எழுதின. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, 2023 ஜூனில், நியூயார்க்கில் இதே காரியம் செய்த வக்கீல்களுக்கு நீதிமன்றம் அபராதம் போட்டிருந்தது.

ஆக, நீதிபதியின் நாற்காலியில் இயந்திரம் உட்காராது. அந்த மட்டில் நண்பருக்கு நிம்மதி சொல்லலாம். ஆனால் அவர் கேட்டது நாற்காலியைப் பற்றி அல்லவே! கூண்டில் நிற்கும் தன் பேச்சைப் பற்றி அல்லவா கேட்டார்?

இங்கே கொஞ்சம் விலகி ஒன்று சொல்ல வேண்டும். பாளையத்தில் இருக்கும் மாநில மைய நூலகம் 1829ல் தொடங்கியது. நாட்டிலேயே பழைய பொது நூலகம் என்று சொல்வார்கள். கடை அடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படித்தது பெரும்பாலும் அங்கேதான். அங்கே ஒரு மழைக்காலம் முழுக்க வைத்துப் படித்த நூல், கார்ல் பாப்பர் 1945ல் இரண்டு பாகமாக வெளியிட்ட 'திறந்த சமுதாயமும் அதன் எதிரிகளும்'. ஹிட்லருக்குத் தப்பி வியன்னாவிலிருந்து நியூசிலாந்து போய்ப் பிழைத்தவர், போர் நடக்கும்போதே அதை எழுதினார். பிளேட்டோவை அவர் வெளுத்து வாங்கியிருப்பதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. அது வேறு கதை. அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டதுதான் எனக்குப் பிடித்தது. 'யார் ஆள வேண்டும்' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'ஆள்பவர் தவறு செய்தால் பெரிய சேதம் வராமல் திருத்த என்ன ஏற்பாடு வைத்திருக்கிறோம்' என்று கேட்கச் சொன்னார். அப்படித் திருத்த வழி உள்ள சமுதாயத்தைத்தான் திறந்த சமுதாயம் என்றார்.

பழைய பேரேட்டில் கை பழகியவனுக்கு இது புதிதாகத் தோன்றாது. பேரேட்டில் தப்பாக ஒரு பற்று விழுந்தால் அதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. தப்பு அப்படியே நிற்க வேண்டும். கீழே வேறொரு தேதியில் எதிர்ப்பதிவு போட்டு நேர் செய்ய வேண்டும். அப்போதுதான் யார், என்றைக்கு, ஏன் மாற்றினார் என்பது வெளிச்சமாகத் தெரியும். என் தகப்பனார், கணக்கில் அடித்தல் கண்டால் கணக்குப்பிள்ளையை மன்னிப்பார். சுரண்டல் கண்டால் மன்னிக்க மாட்டார்.

நானே பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிதி நிறுவனத்தில் என் கடன் கணக்கைப் புதுப்பிக்கப் போனேன். ஒரு தாளில் என் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து இருந்தது. இன்னொன்றில் தகப்பனார் பெயர் பின்னால் வால் போலத் தொங்கியது. நம் எல்லோர் வீட்டிலும் உள்ள கோளாறுதான். இயந்திரம் இவர்கள் இரண்டு ஆள் என்று முடிவு கட்டி மனுவைத் தள்ளிவிட்டது. "யாரம்மா தள்ளினது?" என்று கேட்டேன். "ஸிஸ்டம் எடுக்குந்நில்ல சாரே" என்றாள் அந்தப் பெண். பாவம், நல்ல பெண்தான், தண்ணீர்கூடக் கொடுத்தாள். மேலாளரும் ஸிஸ்டம் என்றார். கோபம் வந்தாலும் எதிரே கோபிக்க ஆளில்லை. கடைசியில் ஒரு பழைய ஊழியர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சிரித்து, கையெழுத்துப் போட்டார். நாற்பது நாள் போயிற்று. கடன்தானே, போகட்டும்.

அரிசி விஷயத்தில் அப்படிப் போகட்டும் என்று சொல்ல முடியாது. தெலங்கானாவில் கணினி பல பதிவேடுகளை ஒப்பிட்டுக் காட்டிய குறிப்பை நம்பி லட்சக்கணக்கான ரேஷன் அட்டைகளை ரத்துச் செய்தார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ரத்தான சுமார் 19 லட்சம் அட்டைகளையும் நேரில் போய்ச் சரிபார்க்கச் சொன்னது. பரிசீலனை செய்ததில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தகுதியுள்ளவை என்று தெரிந்தது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்பவர்களைக் கண்டுபிடிக்க வைத்த நிரல், ஒருவர் அந்நாட்டுக் குடியுரிமை உள்ளவரா என்பதையும் ஓர் அளவுகோலாக வைத்திருந்தது. ஆயிரக்கணக்கான பெற்றோர், பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள், மோசடிக்காரர் என்று பெயர் வாங்கிக் கடனாளி ஆனார்கள். 2021 ஜனவரியில் அந்த அரசே ராஜினாமா செய்தது. இந்த இரண்டு இடத்திலும் கடைசியில் தவறு வெளியே வந்தது, ஏனென்றால் அங்கே நீதிமன்றமும் பத்திரிகையும் பாராளுமன்றமும் வேலை செய்தன. ஆனால் வருஷக் கணக்கில் தாமதமாக வந்தது. முதல் நாளிலேயே, "உன்னைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறோம், சரியா?" என்று அந்தக் குடும்பத்தைக் கேட்டிருந்தால் பாதி வம்பு வந்திருக்காது.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நாம் பேசுவது அதற்கு விளங்குமா?

திருவனந்தபுரத்துத் தமிழ் எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், ஒரே வாக்கியத்தில் இரண்டும். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், அதனால்தான் குழப்பம். முற்றிலும் வேறான மொழி என்றால் இயந்திரம் திணறும், திணறுவது தெரியும். ஒரே ஒலி, வேறு பொருள் என்றால் அது திணறவே செய்யாது. நிம்மதியாகத் தப்பாக எழுதிவிட்டுப் போய்விடும்.

'ஆதாரம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் சான்று என்று பொருள். இங்கே சார்பதிவாளர் அலுவலகம் இருக்கும் எந்தத் தெருவிலும் 'ஆதாரம் எழுத்து' என்று பலகை தொங்கும். மலையாளத்தில் ஆதாரம் என்றால் சொத்துப் பத்திரம். நம் நண்பர் கூண்டில் நின்றுகொண்டு, "சுவரை அவர் இடித்ததுக்கு என்கிட்ட ஆதாரம் இல்லை" என்று சொல்கிறார். அவர் சொல்வது, இடித்ததைப் பார்த்தவர் இல்லை, படம் எடுக்கவில்லை என்பது. அதை மலையாளமாகக் கேட்டு எழுதினால் என்ன ஆகும்? தன்னிடம் பத்திரமே இல்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சொத்து வழக்கில் அதற்குமேல் என்ன வேண்டும்?

'அவகாசம்' இன்னும் விசித்திரம். தமிழில் கால அவகாசம். மலையாளத்தில் உரிமை, வாரிசுதாரரை 'அவகாசி' என்பார்கள். வாய்தா கேட்டு ஒரு கிழவர் "எனக்கு அவகாசம் வேணும்" என்றால், உரிமை கோரியதாகவும் படிக்கலாம். இந்தியில் இதே சொல்லுக்கு விடுமுறை என்று பொருள். உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு அனுமதி கொடுப்பதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரை, ஓர் இயந்திரம் இந்தியில் 'விடுமுறை அனுமதிக்கப்பட்டது' என்று பெயர்த்த கதையை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரே சொல்லியிருக்கிறார். நேரம், உரிமை, லீவு, மூன்றும் ஒரு சொல்லுக்குள்!

'சம்சாரம்' தெரிந்ததுதான், நமக்கு மனைவி, அவர்களுக்குப் பேச்சு. "என் சம்சாரம் அவருக்குப் பிடிக்கலை" என்று ஒருவர் சாட்சி சொன்னால் என்ன ஆகும் என்று வீட்டில் சொன்னேன். என் சம்சாரத்துக்கு அந்த வேடிக்கை பிடிக்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது 'மொழி'. மலையாளத்தில் மொழியைப் 'பாஷை' என்பதே பெருவழக்கு. சாட்சியின் வாக்குமூலத்துக்குத்தான் 'மொழி' என்று பெயர். சாட்சி 'மொழி கொடுத்தான்' என்று பத்திரிகைகளில் தினமும் வரும். பழந்தமிழில் மொழி என்பதற்குச் சொல் என்ற பொருள் உண்டல்லவா? அதை நாம் தேய்த்து இலக்கணத்துக்கு அனுப்பிவிட்டோம். அவர்கள் நீதிமன்றத்தில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இத்தனை நாளும் இக்குழப்பம் ஏன் பெரிதாகவில்லை? இவ்வூர் நீதிமன்றங்களில் எழுதுகிறவருக்கும் வக்கீலுக்கும் நாஞ்சில் நாட்டிலோ செங்கோட்டையிலோ ஓர் உறவாவது இருந்தது. 1956 நவம்பர் 1 வரை அவையெல்லாம் திருவிதாங்கூர்தானே. தமிழர் பேசும்போது அவர் காது தானே மாறிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் "என்ன பறஞ்சு?" என்று தலையைத் தூக்கிக் கேட்பார். இந்தக் கேள்விதான் முக்கியம். பேச்சை எழுத்தாக்கும் இயந்திரம், காதில் சரியாக விழாத இடத்தில் நிறுத்திக் கேட்காது. பொருந்தக்கூடிய சொல்லைப் போட்டு இடத்தை நிரப்பிவிடும். எங்கள் சமயத்தில் எந்தக் கூற்றுக்கும் முன்னால் 'ஸ்யாத்', அதாவது 'ஒரு வகையில்' என்று சேர்க்கச் சொல்லுவார்கள். சியாத்வாதம் என்று பெயர். ஒரு பக்கத்திலிருந்து பார்த்துச் சொன்னது முழு உண்மை ஆகாது என்ற அடக்கம் அது. இயந்திரம் எழுதிய பக்கத்தில் இந்த 'ஒரு வகையில்' இருக்காது. தெளிந்த எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், அச்சடித்ததுபோல் வந்து நிற்கும். அழகாக இருப்பதை நாம் சீக்கிரம் நம்பிவிடுகிறோம்.

இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, சட்டத்திலேயே இருக்கிறது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 278ஆவது பிரிவு என்ன சொன்னது? சாட்சியம் முடிந்ததும் அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். தேவையானால் திருத்த வேண்டும். எழுதிய மொழி சாட்சிக்குத் தெரியாவிட்டால், தெரிந்த மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இது தொடர்கிறது. சிவில் வழக்குகளுக்கு 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆணை 18, விதி 6 இருக்கிறது: சாட்சி பேசிய மொழியில் அல்லாமல் வேறு மொழியில் எழுதப்பட்டு, அது சாட்சிக்குப் புரியாவிட்டால், அவர் பேசிய மொழியிலேயே அதை விளக்கிச் சொல்ல வேண்டும்.

278இல் இன்னொரு நுணுக்கம் உண்டு. படித்துக் காட்டும்போது சாட்சி "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று மறுத்தால், நீதிபதி வாசகத்தைத் திருத்தாமல், அந்த ஆட்சேபத்தைத் தனிக் குறிப்பாக எழுதித் தன் அபிப்பிராயத்தையும் பக்கத்தில் சேர்க்கலாம். எழுதியதும் நிற்கும், மறுத்ததும் நிற்கும், நீதிபதி நினைத்ததும் நிற்கும். மேல் நீதிமன்றம் மூன்றையும் பார்க்கும். பேரேட்டுக்காரன் செய்கிற காரியம் அல்லவா இது! நம் பத்திரங்களின் கடைசியிலும் 'படித்துப் பார்த்தும் படிக்கச் சொல்லிக் கேட்டும்' சம்மதித்ததாக ஒரு வாசகம் வரும். எழுத்தறியாதவரும் தன் பெயரில் எழுதியதைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்பது அதன் கருத்து.

மேசைமேல் விரித்த நீலகேசி இப்போதுதான் எனக்கு உதவிற்று. அ. சக்கரவர்த்தி நயினார் 1936ல் பதிப்பித்த நூல் அது. பௌத்த நூலான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்தது. குண்டலகேசி முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. சில பாட்டுகளே மிச்சம். ஆனால் நீலகேசியில் குண்டலகேசி வாதச் சருக்கம் என்றே ஒன்று இருக்கிறது. ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவராக வந்து தங்கள் கட்சியைச் சொல்கிறார்கள். பிறகுதான் நீலகேசி மறுக்கிறாள். வென்றவர் எழுதிய நூல்தான். எதிராளி வாயில் இவர்கள் வைத்த சொல்தானே என்று நீங்கள் கேட்டால் நான் மறுக்கமாட்டேன். எங்கள் ஆசிரியர் சில இடங்களில் ஓரவஞ்சனை செய்திருக்கிறார் என்பதே என் அபிப்பிராயம். இருந்தாலும், எதிராளி சொன்னதை ஏட்டில் ஏற்றாமல் அவனை வெல்ல முடியாது என்ற மரபு அங்கே இருந்தது. தமிழ்நாட்டு ஆசீவகர் தம் நூல் ஒன்றையும் நமக்கு விட்டுச் செல்லவில்லை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தமிழில் தேடுகிறவர்கள், மறுத்தவர்கள் எழுதிய மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் பரபக்கம் ஆகியவற்றுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

கொள்கையைப் பற்றிய என் குறை இப்போது விளங்கும். அது முழுக்க உள்ளே பார்த்துப் பேசுகிறது. நீதிபதிக்கும், ஊழியருக்கும், பயிற்சி பெறும் மாணவருக்கும் கட்டளை இடுகிறது. கூண்டில் நிற்பவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மொழிபெயர்ப்பை மொழிபெயர்ப்பாளர் பார்ப்பார், நீதிபதி பார்ப்பார். சரி. யாருடைய வாய்ச்சொல்லோ அவர் பார்க்க வேண்டாமா? ஆதாரம் என்றால் நான் சான்றைச் சொன்னேன், பத்திரத்தைச் சொல்லவில்லை என்று அறிந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தானே? கருவியைப் பயன்படுத்திய விவரமெல்லாம் பதிவேட்டில் ஏறும் என்கிறது கொள்கை. மிக நல்ல ஏற்பாடு. இதை எழுதியவருக்குக் கணக்கு தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பதிவேட்டின் தன் வழக்குப் பக்கம் வாதிக்கும் பிரதிவாதிக்கும் கேட்காமலே கையில் வர வேண்டும். 'உங்கள் வாக்குமூலம் இந்தக் கருவியால் எழுதப்பட்டது. இன்னார் சரிபார்த்தார்' என்று நகலின் தலையில் இரண்டு வரி போட்டால் போதும். பிழை கண்டால் தெரிவிக்கும் வழியும் இப்போது நீதிமன்றத்துக்குள்ளே இருப்பவர் கையில்தான் இருக்கிறது. அதைச் சாட்சிக்கும் திறந்துவிட வேண்டும்.

படித்துக் காட்டும் வழக்கம் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்ததே. நானே ஒரு காசோலை வழக்கில் சாட்சி சொன்னேன். கூட்டம், அவசரம்; தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். அன்று எழுதியவர் என் பேச்சைக் காதால் கேட்டு எழுதியதால் தப்பினேன். இயந்திரத்தால் நேரம் மிச்சமாகும் என்கிறார்கள், நிச்சயம் ஆகும். கையால் எழுத வைத்துக் காத்திருந்த நேரம் மிச்சம். அந்த மிச்ச நேரத்தில் ஐந்து நிமிஷத்தை எடுத்துப் படித்துக் காட்டட்டுமே. இயந்திரத்துக்கே உரக்கப் படிக்கவும் தெரியும்.

இன்னொரு குறை, இது கொள்கையின் குறை என்றும் சொல்ல முடியாது. அது மாவட்ட நீதிமன்றங்களோடு நின்றுவிடுகிறது. போலீஸ், வரி, ரேஷன், ஓய்வூதியம், வங்கி இவை எல்லாம் அதற்கு வெளியே. சாதாரணக் குடும்பம் ஆயுளில் ஒரு தடவை நீதிமன்றம் போனால் அதிகம்; இந்த மற்ற இடங்களுக்கு மாசாமாசம் போகிறது. சாலையில் கேரள அரசு வைத்த 726 கேமராக்களை எல்லோரும் திட்டினோம். 2023 ஜூன் 5 முதல் அபராதம் தொடங்கியது. செலவைப் பற்றிய அரசியல் சண்டை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. அதற்குள் நான் நுழையவில்லை. ஆனால் அங்கேகூட ஊழியர்கள் படத்தைப் பார்த்து, மோட்டார் வாகனத் துறை அதிகாரி ஒப்பிய பிறகுதான் நோட்டீஸ் என்று ஏற்பாடு வைத்தார்கள். வண்டிக்காரர் தன் படத்தைத் தானே பார்க்கலாம், ஆட்சேபமும் சொல்லலாம். ஹெல்மெட் போடாதவனுக்குக் கிடைக்கிற இந்த மரியாதை, மனு தள்ளப்பட்ட ஓய்வூதியக்காரருக்கும் கிடைக்க வேண்டாமா? தமிழக அரசு 2020லேயே பாதுகாப்பான, அறநெறிப்பட்ட செயற்கை நுண்ணறிவுக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டு, பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வரும் முன் கருவிகளை மதிப்பிட அளவுகோலும் வகுத்தது. அது அரசு அலுவலகங்களை நோக்கி எழுதப்பட்டது. கேரளக் கொள்கையின் கறாரும் தமிழகக் கொள்கையின் பரப்பும் ஒரே தாளில் வந்தால் நன்றாயிருக்கும் என்பது என் ஆசை.

இயந்திரத்தின் பேரில் நான் பகை கொண்டு எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நம்மவர்க்கு அதனால் வரக்கூடிய ஒரு லாபத்தையும் சொல்கிறேன். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி, இங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் அந்த மொழியில் வர வேண்டும். அரசியலமைப்பின் 350ஆவது பிரிவும் குறைதீர்க்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது. நம்மில் எத்தனை பேர் தமிழில் மனு எழுதினோம்? எழுதியவருக்கு எத்தனை தடவை தமிழில் பதில் வந்தது? "தமிழ் அறியாவுந்ந ஆள் இல்லா" என்பதே பதில். இனி அந்தச் சமாதானம் செல்லாது. இயந்திரம் ஒரு நிமிஷத்தில் மலையாளமாக்கிக் கொடுக்கும், பதிலையும் தமிழாக்கும். உச்ச நீதிமன்றம் 2019 முதல் மொழிபெயர்ப்பு மென்பொருள் வைத்துத் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் தருகிறது, தமிழிலும் படிக்கலாம். 1969ல் எழுத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அரசுக்கு இப்போது கை கிடைத்திருக்கிறது. ஒரு நிபந்தனை மட்டும்: மலையாளமாக்கிய மனுவின் நகல், நாம் எழுதிய தமிழோடு சேர்ந்து நமக்கும் வர வேண்டும். இங்கே வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு மலையாளம்தான் படிக்க வரும். தாத்தா எழுதிய தமிழும் அது மாறிய மலையாளமும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்ல ஒரு பேரனாவது வீட்டில் இருப்பான்.

நண்பரிடம் மறுநாள் இதில் பாதியைச் சொன்னேன். "அப்போ நான் என்ன செய்யணும்?" என்றார். சாட்சி சொல்லி முடித்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன், "எனக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள்" என்று நீதிபதியிடம் கேட்கச் சொன்னேன். ஆணை 18, விதி 6 என்று ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பத்திரம்னு சொல்லுகேன், சான்றுன்னு சொல்லுகேன், ஆதாரம்னு வாயத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாய்தா வரட்டும், பார்க்கலாம்.

இப்படித் தமிழிலும் மலையாளத்திலும் ஒலி ஒன்றாய்ப் பொருள் வேறாய் நிற்கும் சொற்களில், வழக்கிலும் மனுவிலும் வரக்கூடியவற்றைச் சேர்த்து வருகிறேன். இதுவரை முப்பத்தொன்று சேர்ந்திருக்கின்றன. பட்டியலை உயர் நீதிமன்றத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தமிழிலேயே ஒரு கடிதத்துடன் அனுப்ப எண்ணம். அன்பர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தெரிந்த சொற்களைச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறேன். சொல்லோடு, அதனால் எங்கே என்ன குழப்பம் வந்தது என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள்.